இரண்டு பெண்களின் அப்பாவும் என் ஒரு பெண்ணும்

பெருமையடித்துக்கொள்ளக் கூடாது, கண் பட்டுவிடும் என்று என் மாமியார் சொல்வார். பட்டால் சுற்றிப் போட்டுக்கொள்ளலாம். இந்த ஒரு விஷயத்தில் நான் பெருமையடித்துக்கொள்ளத்தான் போகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். ஓசூரில், ஜூஜுவாடி போகிற வழியில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். கணவருக்கு வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நாங்கள் முதுகுளத்தூர்ப் பக்கம். எங்கள் கிராமத்தில் இன்னொரு பாஷை கேட்க வேண்டுமென்றால் டிவியைத்தான் போட வேண்டும். இங்கே வாசலைத் திறந்தால் போதும். வீட்டுக்காரம்மாவுக்குத் தெலுங்கு. எதிர்வீட்டு லாரி டிரைவர் குடும்பத்துக்குக் கன்னடம். பக்கத்து வீட்டில் ஊத்தங்கரையிலிருந்து வந்தவர்கள், தமிழர்கள்தான், ஆனால் அவர்கள் வேகமாகப் பேசினால் எனக்கும் நான் இழுத்துப் பேசினால் அவர்களுக்கும் பாதி புரியாது.

அந்த வரிசையில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. வீட்டுக்காரம்மா என்னிடம் தமிழில்தான் கேட்பார், எனக்குப் புரிய வேண்டுமே என்று. நான் என் ஓட்டைத் தெலுங்கில் பதில் சொல்வேன், அவர் மனசு குளிர வேண்டுமே என்று. எதிர்வீட்டு அக்கா "சாப்பாடு ஆச்சா" என்று கேட்டால் நான் "ஊட்டா ஆய்த்து அக்கா" என்பேன். யார் எந்த பாஷையில் கேட்டாலும் சரி, அவருடைய வீட்டு பாஷையில் பதில் சொல்வதுதான் அங்கே மரியாதை. பிள்ளைகளுக்கு இது இன்னும் கறாராகப் பழக்கப்பட்டிருந்தது. தெலுங்கில் பதில் சொன்ன பிள்ளைக்குத்தான் வீட்டுக்காரம்மா வெல்லக்கட்டி கொடுப்பார். தமிழில் சொன்னால் கன்னத்தைக் கிள்ளுவதோடு சரி.

என் மகள் நடை பழகியதே அந்த வாசலில்தான். அவள் வெல்லக்கட்டியை ஒருநாளும் தவறவிட்டதில்லை.

அந்தக் காலத்தில்தான் நான் தபால் வழியில் உளவியல் பட்டப்படிப்பு சேர்ந்தேன். கல்யாணத்துக்கு முன்பே விட்டுப்போன படிப்பு. எதையாவது முடித்தே தீர்வது என்ற பிடிவாதத்தில் கட்டணம் குறைவாக இருந்த பாடத்தில் சேர்ந்தேன் என்பதுதான் உண்மை. அப்புறம் அதன் மேல் எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. "பைத்தியத்துக்குப் படிக்கிற அக்கா" என்று வரிசையில் எனக்குப் பெயரும் வந்துவிட்டது. தண்ணீர் பிடிக்கப் போனால் யாராவது வழிமறித்து, என் மனசுல என்ன இருக்குன்னு சொல்லு பார்ப்போம் என்பார்கள். முதல் குடத்தை நான் பிடித்துவிடக் கூடாது என்றுதான் இருக்கிறது என்பேன். பெரும்பாலும் அது சரியாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறி வகுப்புக்குப் போவேன். அங்கே எல்லோரையும் மிரட்டிய பாடம், இந்தத் துறையின் முன்னோடிகளைப் பற்றியது. அத்தனையும் வாயில் நுழையாத வெள்ளைக்காரப் பெயர்கள். நான் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்துக்கொண்டேன். நாய்க்கு மணியடித்துச் சோறு போட்டவர் மணிக்காரர். நோயாளியைப் படுக்கவைத்து மணிக்கணக்கில் பேசவிட்டுக் கேட்டவர் சோபாக்காரர். வகுப்பில் மற்றவர்களுக்கு அவர்கள் இருவர் மேல்தான் மயக்கம். எனக்கு மனதில் ஒட்டியவர், தன் வீட்டு மேசையில் சொந்தப் பிள்ளைகளை உட்காரவைத்து ஆராய்ச்சி செய்த ஒரு பிரெஞ்சுக்காரர். இரண்டு பெண்களின் அப்பா என்று அவருக்குப் பெயர் வைத்தேன்.

அவருடைய பெண்களில் ஒருத்தி கண்ணில் பட்டதை அப்படியே சொல்கிறவள். இன்னொருத்தி கற்பனையில் மிதக்கிறவள். ஒரே வீட்டில் ஒரே சோறு தின்று வளர்ந்த இரண்டு பேர் ஏன் இரண்டு விதமாக யோசிக்கிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்திருக்கிறார் மனிதர். பிறகு அரசாங்கம் அவரைக் கூப்பிட்டு, படிப்பில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க வழி சொல்லுங்கள் என்றது. அவர் கேள்விகளை அடுக்கி ஒரு சோதனை தயாரித்தார். எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் இது, எந்தப் பிள்ளைக்கும் முத்திரை குத்த அல்ல என்பது அவர் கட்சி. புத்தி என்பது வளரக்கூடியது என்றும் சொன்னார். அவர் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் கேள்விகளைக் கடல் தாண்டிக் கொண்டுபோனவர்கள், கப்பலில் வந்து இறங்கிய ஏழைக் குடியேறிகளிடம் கேட்டார்கள். பாஷை புரியாமல் விழித்தவர்களையெல்லாம் மந்தம் என்று எழுதினார்கள். அதே துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு டாக்டருக்கு அது பொறுக்கவில்லை. பேச்சே வேண்டாத ஒரு சோதனையை அவர் செய்தார். நான்கு மரக்கட்டைகளை வரிசையாக வைத்து, ஐந்தாவது கட்டையால் ஒரு வரிசைப்படி தட்டிக் காட்டுவார். பார்த்தவர் அதே வரிசையில் திருப்பித் தட்ட வேண்டும். இவர் கட்டை டாக்டர்.

இதையெல்லாம் பஸ்ஸில் படித்துக்கொண்டு வரும்போது, இது என் வீட்டுக் கதவைத் தட்டப்போகிற விஷயம் என்று நான் நினைக்கவேயில்லை.

மகள் அப்போது பக்கத்தில் இருந்த ஒரு சிறிய ஆங்கிலப் பள்ளியில் யூகேஜி முடிக்கிற சமயம். வகுப்பு மிஸ்ஸுக்கு அவள் மேல் ஒரு குறை இருந்தது. எது கேட்டாலும் உடனே பதில் சொல்லமாட்டாள், முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள் என்று. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் முன், சந்தேகம் உள்ள பிள்ளைகளை மட்டும் சோதித்துப் பார்க்க வெளியூரிலிருந்து ஒரு உளவியல் நிபுணரை வரவழைத்தார்கள். அன்று மகளைக் கூட்டிவரப் போனபோது பள்ளி வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்தது. கர்நாடகா நம்பர். பெங்களூரிலிருந்து பெரிய ஆளாகத்தான் வந்திருக்கிறார் என்று நானும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

அடுத்த வாரம் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆனேக்கல்லிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர், கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தி, அடுத்தவர் காதில் விழாதபடிதான் சொன்னார்.

"பாருங்கம்மா, குழந்தை மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. கேட்ட கேள்விக்கெல்லாம் அர்த்தமில்லாம ஏதோ சத்தம் எழுப்பினாள்னு ரிப்போர்ட் வந்திருக்கு. ஒண்ணாவதுல போட்டா அவளுக்குத்தான் கஷ்டம். ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்க."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மகள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு அழுகை முட்டியது, ஆனால் அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. அர்த்தமில்லாத சத்தமாம். வீட்டில் வாய் மூடாத பிள்ளை அவள்.

கணவரிடம் சொன்னேன். "ஊருக்கே போயிருவோம். இங்கன நாலு பாஷை காதுல விழுந்து பிள்ளை குழம்பிப்போச்சு. அங்க ஒரே பாஷை" என்றார். அவர் வேலையை விடுவதாகச் சொன்னால் வெறும் பேச்சுக்குச் சொல்கிறவர் இல்லை. நான் பள்ளி திறக்கும்வரை பொறுங்கள் என்றேன். பொறுத்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார். பார்க்கப்போகிறேன் என்றேன். அவருக்கு அது புரியவில்லை. எனக்குமே அப்போது முழுதாகப் புரியவில்லை. அந்த இரண்டு பெண்களின் அப்பா பிள்ளைகளைத் தினமும் உட்கார்ந்து பார்த்தார் என்று புத்தகத்தில் இருந்தது, அதைத்தான் பிடித்துக்கொண்டேன்.

முதலில் கட்டை டாக்டரைத் துணைக்கு அழைத்தேன். எங்கள் பகுதியில் தொழிற்சாலைகளிலிருந்து வரும் பெட்டி மரத்துக்குப் பஞ்சமே இல்லை, பாதி வீட்டு அடுப்பு அதில்தான் எரியும். அளவாக ஐந்து கட்டை அறுத்துத் தாருங்கள் என்று கணவரிடம் கேட்டேன். முனகிக்கொண்டே அறுத்தார். ஆனால் பிள்ளை கையில் சிலாம்பு ஏறக்கூடாதென்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத்தான் கொடுத்தார். வாசல்படியில் நானும் மகளும் உட்கார்ந்தோம். நான் தட்டினேன், அவள் திருப்பித் தட்டினாள். வரிசையைக் கூட்டினேன், அதையும் தட்டினாள். கொஞ்ச நேரத்தில் எனக்கே நான் தட்டியது மறந்துவிட்டது. அவள் மறக்கவில்லை, "அம்மா, நீ தப்பாத் தட்டுற" என்றாள். கணவர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். பிறகு அவரும் வந்து உட்கார்ந்து தட்டித் தோற்றார்.

அதற்குள் வரிசைப் பிள்ளைகள் எல்லோரும் கூடிவிட்டார்கள். பிள்ளை மந்தமில்லை என்பது எனக்கு உறுதியாகிவிட்டது. பெற்ற எனக்கு அது முன்பே தெரியும், ஆனாலும் என் கண்ணால் பார்த்தபோது நெஞ்சு நிமிர்ந்தது. அப்படியென்றால் அந்த அறையில் என்னதான் நடந்தது? என் பாடத்தில் இன்னொரு முன்னோடியும் இருந்தார். பாரிஸில் பிள்ளைகளுக்குச் சோதனை வைக்கும் வேலையில் இருந்த இளைஞர். சரியான பதில்களைவிட, பிள்ளைகள் சொன்ன தப்பான பதில்கள்தான் அவரைப் பிடித்து இழுத்தன. தப்புக்குப் பின்னால் ஒரு யோசனை இருக்கிறது, அதைத் தேடு என்று பிற்பாடு வாழ்நாளெல்லாம் தேடியவர். சரி, என் மகளின் தப்பைத் தேடுவோம் என்று வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

வகுப்பு இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அது கிடைத்தது. பிள்ளைகள் கட்டை தட்டிக்கொண்டிருந்தபோது ஒரு டெம்போ வந்து நின்றது. ஓட்டிவந்தவர் தலையை நீட்டி, டிரைவர் வீடு எது கண்ணு என்று நல்ல தமிழில் என் மகளிடம் கேட்டார். அவள் உடனே பதில் சொல்லவில்லை. எழுந்து, குனிந்து, வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு "அல்லி, நீலி பாகிலு" என்று எதிர்வீட்டு நீலக் கதவைக் கன்னடத்தில் காட்டினாள். வந்தவர் முகம் மலர்ந்து அவள் தலையைத் தடவிவிட்டுப் போனார். கொஞ்சநேரம் கழித்துப் பாகலூரிலிருந்து கொத்தமல்லி விற்க ஒரு புது ஆள் பைக்கில் வந்தார். அவரும் ஏதோ கேட்டார். மகள் மறுபடியும் குனிந்து பார்த்தாள். இந்தத் தடவை தமிழில் பதில் சொன்னாள்.

நான் எழுந்து போய் இரண்டு வண்டிகளையும் பார்த்தேன். டெம்போவில் கேஏ, கர்நாடகா. பைக்கில் டிஎன், தமிழ்நாடு.

அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவசரப்படக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பால் எது கொடுக்கும் என்று மெதுவாகக் கேட்டேன். பசு என்றாள். அன்றைக்கு ஸ்கூலுக்கு வந்த ஆன்ட்டி இதைக் கேட்டாரா என்றேன். கேட்டார் என்றாள்.

"அவங்ககிட்ட என்ன சொன்ன?"

"ஹசு."

"ஏண்டா தங்கம், அவங்க தமிழ்லதான கேட்டாங்க?"

"அவங்க கேஏ வண்டில வந்தாங்கல்லம்மா" என்றாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

வாழைப்பழம் என்ன நிறம் என்றதற்கு ஹளதி. பறப்பது எது என்று படத்தைக் காட்டியதற்கு ஹக்கி. ஒவ்வொன்றாக ஒப்பித்தாள். எல்லாமே சரியான பதில். எல்லாமே கன்னடம். வந்தவர் தமிழில் கேட்டது நம் மேல் வைத்த மரியாதை, நாம் அவருடைய பாஷையில் சொல்வதுதான் பதில் மரியாதை. என் பிள்ளை எங்கள் வரிசையின் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறாள். இதில் ஒரே ஒரு வில்லங்கம். அந்தச் சின்னக் குரலில் மூச்சோடு கலந்து வந்த ஹசுவும் ஹளதியும் ஹக்கியும் கேட்டவருக்கு வெறும் சத்தமாக இருந்திருக்கின்றன. பெங்களூர்க்காரருக்கு எப்படி அது புரியாமல் போகும் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் தலைமையாசிரியை முன்னால் போய் நின்றேன். இரண்டு பெண்களின் அப்பாவில் ஆரம்பித்து, கப்பல் துறைமுகம்வரை மூச்சுவிடாமல் சொன்னேன். முத்திரை குத்த அல்ல, உதவத்தான் அந்தச் சோதனை பிறந்தது என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சரித்திரப் பாடம் எடுபடவில்லை என்று தெரிந்ததும் பதில்களைச் சொன்னேன். பசுவுக்கு ஹசு, மஞ்சளுக்கு ஹளதி, பறவைக்கு ஹக்கி.

வீட்டில் கன்னடம் பேசுகிற அந்த அம்மாவின் கை தானாக வாய்க்குப் போனது. "ஐயோ, கரெக்டா சொல்லியிருக்காளேம்மா" என்றார். வந்தவர் கர்நாடகாக்காரரே இல்லையாம். சென்னையிலிருந்து இரவு ரயிலில் பெங்களூர் போய் இறங்கி, அங்கே வாடகைக் கார் பிடித்து வந்தவராம். கன்னடம் ஒரு சொல் தெரியாதாம். காரைப் பார்த்து நானே ஏமாந்தேன், பிள்ளை ஏமாந்ததில் என்ன தப்பு?

தலைமையாசிரியை என் எதிரிலேயே அந்த நிபுணருக்குப் போன் போட்டார். அந்தப் பெண்மணியைப் பற்றி நான் மனதுக்குள் வைத்திருந்த வசவுகளை அன்றே வாபஸ் வாங்கிக்கொண்டேன். மழுப்பவில்லை, சண்டைக்கு வரவில்லை. பள்ளி திறப்பதற்கு முன் தன் செலவில் வந்து இன்னொரு முறை பார்க்கிறேன் என்றார். சொன்னபடியே வந்தார். இந்த முறை கிருஷ்ணகிரி வழியாகப் பஸ்ஸில் வந்து, ஓசூர் பஸ் நிலையத்தில் ஆட்டோ பிடித்து இறங்கினார். ஆட்டோ நம்பரை நான் முதல் வேலையாகப் பார்த்துக்கொண்டேன். டிஎன்தான்.

என்னை அறைக்குள் ஒரு மூலையில் உட்கார அனுமதித்தார்கள், வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. கணவர் ஷிப்ட் முடிந்து சீருடையோடு ஓடிவந்து ஜன்னலுக்கு வெளியே நின்றார். இன்று தவறினால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அந்தப் பெண்மணி படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, மகளைப் பார்த்துச் சிரித்து, ஆரம்பிக்கலாமா என்று கேட்டார்.

மகள் பதில் சொல்லவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள். வகுப்பு மிஸ் குறை சொன்ன அதே பார்வை. அறைக்குள் வண்டி எதுவும் இல்லை, குனிந்து பார்க்க நம்பரும் இல்லை. பிறகு அவள் கேட்டாள்.

"ஆன்ட்டி, உங்களுக்கு என்ன பாஷை வரும்?"

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொன்னார், தமிழும் இங்கிலீஷும்தான் வரும் என்று.

"பரவால்ல ஆன்ட்டி. நான் தமிழ்லயே சொல்றேன்."

ஜன்னலுக்கு வெளியே நின்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எதற்கென்று எனக்குத் தெரியும், நானும் சேலைத் தலைப்பைத் தேடிக்கொண்டுதான் இருந்தேன். அதற்குப் பிறகு நடந்த கேள்வி பதிலெல்லாம் எனக்குச் சரியாக நினைவில்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்மணி நான் பையில் கொண்டுபோயிருந்த கட்டைகளைக் கையில் வாங்கிப் பார்த்தார். யார் அறுத்தது என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. ஊருக்குப் போகிற பேச்சு அன்றோடு முடிந்தது. அன்று மாலை வெல்லக்கட்டி எங்கள் வீட்டிலிருந்து வரிசை முழுக்கப் போயிற்று.

முன்னோடிகள் பாடத்தில் நான் நல்ல மதிப்பெண் வாங்கினேன். அந்தப் பிரெஞ்சுக்காரர் மேல் இன்றைக்கும் எனக்கு மரியாதை குறையவில்லை. ஆனால் அவர் தன் பெண்களிடம் என்னென்ன கேட்டார் என்றுதான் நான் படித்த புத்தகத்தில் இருந்தது. அந்தப் பெண்கள் அவரைத் திருப்பி ஒரு கேள்வி கேட்டதாக எங்கேயும் இல்லை. என் மகள் கேட்டாள். ஐந்து வயதில், சோதிக்க வந்தவரையே முதலில் சோதித்துப் பார்த்துவிட்டு, அவருக்குத் தெரிந்த பாஷைக்கு இறங்கி வந்தாள்.

பிற்பாடு இதே ஓசூரில் பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்கிற வேலைக்கு நானே வந்து சேர்ந்தேன். என் மேசையில் அந்த ஐந்து கட்டைகளும் இருக்கின்றன. எதிரே வந்து உட்காருகிற எந்தப் பிள்ளையிடமும் கேள்வியை எடுப்பதற்கு முன்னால் என் யோக்கியதையைச் சொல்லிவிடுவேன்.

"எனக்குத் தமிழ் நல்லா வரும். தெலுங்கு சுமாரா வரும். கன்னடம் சண்டை போடுற அளவுக்கு வரும். நீ எதுல வேணும்னாலும் சொல்லு கண்ணு, புரியலைன்னா நான் கேட்டுக்கிறேன்."